சட்டைக் கழுத்தில் ஒரு சிவப்புத் துணி

ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமங்களில் ராணுவத்தினரின் குடும்பங்கள் பல உண்டு. தோளிலும் கையிலும் உள்ள சின்னங்களைக் கண்டே பதவியைச் சொல்லிவிடுவோர் அங்கு இருக்கின்றனர். ஆனால், உயர் அதிகாரிகளின் சட்டைக் கழுத்தின் இருபுறமும் உள்ள சிவப்புத் துணிப் பட்டையின் வரலாறு அவ்வளவாக அறியப்பட்டதன்று.

அதன் பெயர் 'கார்ஜெட்'. ஐரோப்பியப் போர்வீரர் தொண்டையைக் காக்க அணிந்த இரும்புக் கவசமே அதன் மூதாதை. துப்பாக்கி வந்தபின் கவசம் பயனிழந்து, அதிகாரியின் அடையாளமான பிறை வடிவத் தகடாகச் சுருங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையில் காக்கி உடை பரவியபோது தகட்டின் இடத்தைத் துணி பிடித்தது. பட்டையில் இன்றும் காணப்படும் சிறு பொத்தான், தகடு மாட்டிய காலத்தின் எச்சம்.

சிவப்பு, தளபதிகளுக்கும் தலைமையகப் பணி அதிகாரிகளுக்கும் உரிய நிறமாயிற்று. முதல் உலகப் போரில் தலைமையகங்கள் பெருத்தன. கேப்டன்கள்கூட அதை அணிந்தனர். அளவின்றி அச்சடித்த பணத்தாளுக்கு நேரும் கதிதான் அதற்கும் நேர்ந்தது. மதிப்புக் குறைந்ததோடு நிற்கவில்லை. பதுங்குகுழிச் சேற்றில் கிடந்த வீரனுக்கு, பின்னால் பத்திரமாக இருப்பவரின் அடையாளமாகவே அது தோன்றியது. போருக்குப் பின், கர்னலுக்குக் கீழ்ப்பட்டோரிடமிருந்து அது நீக்கப்பட்டது.

இந்தியாவிலும் கர்னல் முதலே இவ்வுரிமை. மேஜர் ஜெனரலின் பட்டையில் 2 நட்சத்திரங்கள், லெப்டினன்ட் ஜெனரலுக்கு 3, ஜெனரலுக்கு 4. தலைமையகப் பணிக்கான பயிற்சியை நீலகிரியின் வெலிங்டன் கல்லூரி அளிக்கிறது. ஆயினும் பட்டையைத் தருவது பயிற்சியன்று, பதவியே.

பழைய ஐரோப்பியக் கசப்பை நம் கர்னல்கள்மீது ஏற்றுவது பொருந்தாது. பட்டாலியனைக் களத்தில் நடத்துபவர் பெரும்பாலும் கர்னலே. 2020 ஜூன் 15 இரவு கல்வான் மோதலில் உயிர்நீத்த 20 பேரில், 16-ஆவது பிகார் பட்டாலியனின் தலைவர் கர்னல் சந்தோஷ் பாபுவும் ஒருவர். ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் ஒருவர்.

2023 ஆகஸ்ட் 1 முதல், பிரிகேடியர் முதலான உயர் அதிகாரிகள் அனைவருக்கும் தொப்பி, தோள் சின்னம், கார்ஜெட் பட்டை, இடைவார், காலணி ஆகியவை ஒரே மாதிரியாக்கப்பட்டன. ரெஜிமென்ட்டுக்கு ரெஜிமென்ட் வேறுபட்ட அடையாளங்கள் அந்நிலையில் மறைந்தன. கர்னலுக்கும் அவருக்குக் கீழ்ப்பட்டோருக்கும் மாற்றமில்லை. இந்த எல்லைக்கோடு சரியான இடத்தில் வரையப்பட்டதாகவே கருதுகிறேன்: கர்னல் தம் ரெஜிமென்ட் வீரர்களோடு நிற்பவர், பிரிகேடியரின் கீழோ பல ரெஜிமென்ட்டுகளைச் சேர்ந்தவர்கள் பணியாற்றுகின்றனர்.