அம்மையின் அடுப்பும் அம்மச்சிப் பிலாவும்

மாசி மாதத்தில் பொங்காலைக்கு முந்தைய நாள்களில் பாறசாலை ரயில் நிலையத்தில் நின்றால், பானையும் பச்சரிசியும் வெல்லமும் சுமந்த பெண்கள் கூட்டங்கூட்டமாக வண்டியேறுவதைக் காணலாம். அனைவரும் செல்வது திருவனந்தபுரம் ஆற்றுகாலுக்கு. அங்கு அமர்ந்திருப்பவள் கண்ணகியே என்பது மரபு. விழா நாள்களில் தோற்றம்பாட்டாக அவள் கதை பாடப்படுகிறது. கோயில் அடுப்பில் மூட்டிய தீ, அடுப்பிலிருந்து அடுப்புக்குக் கைமாறி நகரத் தெருக்களெல்லாம் பரவும். 2009ஆம் ஆண்டில் 25 லட்சம் பெண்கள் திரண்டது கின்னஸ் சாதனையாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆண்டு முழுதும் அடுக்களையில் நின்ற அம்மை, தனக்கென வாய்த்த நாளிலும் அடுப்பைத்தான் மூட்டுகிறாள்! ஆயினும் அன்று "சோறு ஆயிற்றா?" என்று கேட்க அருகில் எவருமில்லை. ஆண்கள் தெருவோரம் நின்று தண்ணீரும் மோரும் வழங்குவர். வீட்டில் விடப்பட்டோர் உப்பு எந்த டப்பாவில் உள்ளது என்று தேடிக்கொண்டிருப்பர். மே மாத இரண்டாம் ஞாயிறன்று வாழ்த்து அட்டையோடு முடிந்துவிடும் அன்னையர் தினத்தைவிட இது நமக்குச் சுவையாகவே படுகிறது.

அதே மாசியில் எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நிகழ்கிறது. நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிப் பெண்கள் இருமுடி சுமந்து, களியக்காவிளை கடந்து, குமரி மாவட்டத்து மண்டைக்காடு பகவதியைக் காணச் செல்கின்றனர். 'பெண்களின் சபரிமலை' எனப்படும் அக்கோயிலில் அம்மன் புற்றாக வளர்ந்திருக்கிறாள். தலைவலி தீர மண்டையப்பம் படைப்பது வழக்கம். தலைவலி தந்த பிள்ளைகளே அப்பத்தில் பெரும்பங்கு உண்பதையும் பார்க்கிறோம்.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்தோடு இணைய, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பிறந்த வீடு ஒரு மாநிலத்திலும் புகுந்த வீடு மறு மாநிலத்திலுமாக எத்தனையோ தாய்மார் ஆயினர். எல்லைக்கோடு வந்த பின்னும் அவர்கள் நேர்ச்சையை நிறுத்தவில்லை. பேத்திகளும் அதே வழியில் செல்கின்றனர்.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் பட்டுப்போன பலாமரம் ஒன்றின் அடிப்பகுதி பேணப்படுகிறது. பகைவர் துரத்தியபோது மார்த்தாண்ட வர்மா அதன் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது வழக்கு. அதற்கு ஊரார் இட்ட பெயர் 'அம்மச்சிப் பிலாவு'. பிள்ளையை ஒளித்துவைத்த மரத்துக்கு வேறென்ன பெயர் பொருந்தும்?

ஆற்றுகாலில் பானை இறக்கியபின் அடுப்புக் கற்கள் தெருவிலேயே கிடக்கும். அண்மை ஆண்டுகளில் அவற்றை மாநகராட்சி சேகரித்து, வீடற்றோருக்கான வீடு கட்டும் பணிக்கு அளித்து வருகிறது.