இன்னும் பன்னிரண்டு நாட்கள்

பிரயாணக் கட்டுரை எழுதுவோர் புறப்பட்ட கதையை விரிவாகச் சொல்வர். கண்ட காட்சிகளை வருணிப்பர். வீடு திரும்பியதை ஒரு வரியில் முடிப்பர். திரும்புதற்கு முந்திய சில நாட்களைப் பற்றி எழுதுவோர் அரியர். அந்நாட்களில் மனம் ஒரு நிலையில் நில்லாமையே காரணம் போலும்.

இலண்டனின் கிழக்கே, ஈஸ்ற் ஹாம் பகுதியிலுள்ள மகளின் இல்லத்துக்கு நான் சித்திரையில் வந்தேன். உறவினரைக் காண வருவோருக்கு இந்நாட்டார் வழங்கும் தவணை ஆறு மாதம். ஐப்பசியில் அது நிறைவுறுகின்றது. இன்னும் பன்னிரண்டு நாட்களே உள.

வந்த புதிதில் என் கைக்கடிகாரம் யாழ்ப்பாணத்து நேரத்தையே காட்டிற்று. கோடையில் வித்தியாசம் நாலரை மணி. ஆனியில் இரவு ஒன்பது மணிக்கும் சூரியன் மறையவில்லை. அந்த வெளிச்சத்தில் உறக்கம் எவ்வாறு வரும்? ஊர் போகும் நாளை எண்ணியவாறு படுத்திருந்தேன். இப்பொழுதோ ஆறு மணி கடந்ததும் இருள் சூழ்கின்றது. வீதியோர மரங்கள் இலை உதிர்க்கின்றன. பகல் குறுகக் குறுக, எண்ணிக் காத்திருந்த அதே நாள் விரைந்து வருவதைக் கண்டு அஞ்சுகிறேன்.

ஆறு வயதுப் பேரன் இப்பொழுதுதான் என்னுடன் தயக்கமின்றித் தமிழ் பேசுகிறான். எங்கள் வளவுக் கிணற்றைத் தாளில் வரைந்து காட்டினேன்.

"அம்மப்பா, அதுக்குள்ளை ஆர் தண்ணி விட்டது?" என்றான்.

நம் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை என்பதையும், மாரி மழையே சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கிக் கிணற்றில் ஊறுகின்றது என்பதையும் அவனுக்கு விளக்க இரண்டு மாலைகள் ஆயின. விளக்கும்போதே எனக்கு ஊர் நினைவு வந்துவிட்டது. அங்கே மாரி தொடங்கும் வேளை. அடுக்களைப் பக்கத்து ஓடுகளை மாற்றாமல் வந்தேன். பூட்டிய வீட்டின் முற்றத்தை யார் கூட்டுவார்?

சென்ற வாரம் பிரித்தானிய நூதனசாலைக்குச் சென்று தாரா தேவியை மறுமுறையும் தரிசித்தேன். எட்டாம் நூற்றாண்டளவில் வார்க்கப்பட்டுப் பொன் முலாம் பூசப்பெற்ற வெண்கலப் படிமம் அது. உயரம் ஏறத்தாழ 143 சதமமீற்றர். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிடைத்ததென்பர். இலங்கையில் தேசாதிபதியாயிருந்த சேர் றொபேட் பிரவுன்றிக் 1830 இல் இந்நூதனசாலைக்கு அளித்தார். கொழும்பில் இருப்பது இதன் பிரதியே. நம்மூரிலிருந்து வந்தும் தவணை குறிக்கப்படாதவள் இவள்! அவள் முன் நின்றபோது என் உள்ளத்தில் எழுந்தது இரக்கமா, பொறாமையா என்று பிரித்தறிய இயலவில்லை.

கப்பலில் ஊர் திரும்பிய அக்காலத்தவர் ஒரு வகையில் பாக்கியசாலிகள். சுயஸ் கால்வாயும் ஏடனும் கடந்து கொழும்பை அடையுமுன் மனத்தை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு வாரக்கணக்கில் அவகாசம் கிடைத்தது. நேர் விமானத்தில் செல்லும் எனக்கு ஏறத்தாழ 11 மணி நேரமே கிடைக்கும். அதிலும் பாதி உறக்கம்.

ஒடியல் மாவும் பனங்கட்டியும் கொணர்ந்த பெட்டியில் மகள் இப்பொழுது அயலவருக்கான இனிப்புகளை அடுக்குகிறாள். அவற்றின்மேல் என் கம்பளிச் சட்டையையும் மடித்து வைத்தாள்.

"யாழ்ப்பாணத்து வெயிலுக்கு இது என்னத்துக்குப் பிள்ளை? இஞ்சையே கிடக்கட்டும்" என்றேன்.

அவள் ஒன்றும் பேசாமல் அதை எடுத்துக் கதவின் பின்னே மாட்டினாள். பெட்டியின் எடையும் சற்றுக் குறைந்தது.