நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழம் போதாது

சென்ற வாரம் பித்தவெடிப்பு. இந்த வாரம் நகம்.

பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் நடவு தொடங்கிவிடும். நாற்று நடும் பெண்களின் விரல்கள் பொழுதுக்கும் சேற்றில் ஊறும். வீடு திரும்பினால் பாத்திரமும் துணியும் காத்திருக்கும். கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தால் உடனே மருந்து தேடுகிறவர்கள், நகம் பழுத்துக் கறுத்தால் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

நகத்தின் அடியோரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல்தான் அதற்குக் காவல். ஓயாத ஈரத்தில் அது பிரிந்துவிடும். அந்த இடைவெளியில் கேண்டிடா என்ற பூஞ்சை புகுந்தால் ஓரச்சதை வீங்கி, நகம் பழுப்பேறும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா சேர்ந்துகொண்டால் பச்சையாகும். டீக்கடையில் கிளாஸ் கழுவுபவருக்கும், ஓட்டலில் மாவாட்டுபவருக்கும் இதே பாடுதான். நகச்சுற்று என்றால் எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகிக்கொள்ளும் வழக்கம் மதுரையில் இன்றும் உண்டு. அந்தக் குளிர்ச்சி இதமாக இருக்கலாம், ஆனால் கட்டிய சீழை அது வெளியேற்றாது. விண்விண்ணென்று தெறிக்கும் விரலுக்கு மருத்துவர்தான் வழி.

எல்லா நிறமாற்றமும் நோயல்ல. சுங்குடிச் சேலைக்குச் சாயம் தோய்ப்பவரின் நகத்திலும், மருதாணி வைத்த நகத்திலும் ஏறுவது வெளிக்கறை. கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளர்வதால் ஆறு மாதத்துக்குள் கறை நுனிக்கு வந்து வெட்டுப்பட்டுவிடும். கால் கட்டைவிரல் நகம் முழுதும் மாற ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு ஆகும்.

நகம் மஞ்சளாகி, தடித்து, பொடிப்பொடியாக உதிர்ந்தால் நகச்சொத்தை என்கிறோம். பெரும்பாலும் பூஞ்சைதான் காரணம் என்றாலும், சொரியாசிஸும் பழைய அடியும் அச்சு அசலாக இப்படியே தோன்றும். அதனால் நகத்துணுக்கைச் சோதித்துப் பார்க்காமல் மாத்திரை தொடங்குவது சரியல்ல. பூஞ்சை உறுதியானால் டெர்பினாபின் மாத்திரை வழக்கமாகக் கைநகத்துக்கு 6 வாரம், கால்நகத்துக்கு 12 வாரம். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு பூஞ்சையை வளர்த்துவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த நகம் காலில் புண்ணாகும் வாசல். அவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

நகத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் கால்சியம் குறைவு என்பது தவறான நம்பிக்கை. அது பெரும்பாலும் சின்ன இடியின் தடம். எல்லா நகங்களும் ஒருசேர வெளுத்தால் கல்லீரலையும், பாதி வெள்ளை பாதி பழுப்பு என்றால் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். வெளிறி, கரண்டிபோல் குழிந்தால் இரும்புச்சத்துக் குறைவைச் சந்தேகிக்கலாம். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதை 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டியது. பல நகங்களும் விரல் மூட்டுகளும் சேர்ந்து கறுத்தால் பி12 குறைவாக இருக்கலாம்.

மிகவும் கவலைப்பட வேண்டியது கறுப்புக் கோடு. நம்மைப் போன்ற மாநிறத்தவருக்குப் பல நகங்களில் மெல்லிய கோடுகள் இருப்பது இயல்பு. ஆனால், வயது வந்தவருக்கு ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி, அகலமாகி, பக்கத்துத் தோலிலும் கருமை படர்ந்தால் அது மெலனோமா என்ற புற்றுநோயாக இருக்கக்கூடும். ஜமைக்காப் பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் கட்டைவிரல் நகத்தடியில் கண்டறியப்பட்டது இதுவே. முதலில் அதைக் கால்பந்தாட்டக் காயம் என்றே நினைத்தார்கள். 1981-இல், 36 வயதில், அவர் இறந்தார்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் கட்டணமில்லாமல் காட்டலாம். போகும்போது நகப்பூச்சும் மருதாணியும் வேண்டாம். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

(அடுத்த வாரம்: உள்ளங்கை வியர்வை)