காரின் மூளை யாருக்குச் சொந்தம்?

அமெரிக்கக் காவல் துறை பயன்படுத்திக் கழித்த 'ஃபோர்டு கிரவுன் விக்டோரியா' கார்கள் அங்கே ஏலத்தில் மலிவாகக் கிடைத்து வந்தன. 2011-இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட அந்தப் பெரிய காருக்கு எட்டு சிலிண்டர் என்ஜின். கடைசி இருபது ஆண்டுகளில் அது தானியங்கி கியருடன் மட்டுமே விற்கப்பட்டது. ஆனால், அதே குடும்பத்து என்ஜினுடன் அதே நிறுவனம் விற்ற 'மஸ்டாங்' காரில், கிளட்சை மிதித்துக் கையால் மாற்றும் கியரும் உண்டு. அந்த மஸ்டாங் கியர் பெட்டியை வாங்கி கிரவுன் விக்டோரியாவில் பொருத்திக்கொள்ளும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இன்று விற்கும் புதிய கார்களில் கைக் கியர் உள்ளவை நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. சந்தை தர மறுப்பதைத் தம் கையால் செய்துகொள்ளும் நுகர்வோர் இவர்கள்.

இரும்பு வேலை ஒரு வார இறுதியில் முடிந்துவிடலாம். கிளட்ச் மிதியைப் பொருத்துவதும், இயக்கத் தண்டின் நீளத்தைச் சரிசெய்வதும் தேர்ந்த மெக்கானிக்குக் கடினமல்ல. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பாது.

காரணம், அந்தக் காரில் என்ஜினையும் கியரையும் ஒரே கணினி ஆள்கிறது. தானியங்கி கியரின் நெம்பு 'நிறுத்தம்' அல்லது 'நடுநிலை' என்ற இடத்தில் இருந்தால்தான் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் செல்லும். அதைத் தெரிவித்த உணரி பழைய பெட்டியோடு கழன்று போய்விட்டது. இரண்டு கம்பிகளை நிரந்தரமாக முறுக்கி இணைத்துவிட்டால் வண்டி கிளம்பும். ஆனால், கியரில் இருக்கும்போது சாவியைத் திருப்பினாலும் கிளம்பி முன்னே பாயும். கிளட்ச் மிதியில் ஒரு சுவிட்சைப் பொருத்தி, மிதித்தால் மட்டுமே மின்சாரம் செல்லும்படி செய்வதே முறையான வழி.

அதோடு தீராது. தானியங்கி கியரில் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இடையே எண்ணெய் வழியாக விசை கடத்தும் கருவி இருக்கிறது. சிவப்பு விளக்கில் நிற்கும்போதும் அது என்ஜினைச் சற்றே இழுத்துக்கொண்டிருக்கும். அந்தச் சுமைக்கு ஈடாக எவ்வளவு காற்று விட வேண்டும் என்று கணினிக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. கைக் கியரில் கிளட்சை மிதித்த கணமே சுமை முற்றாக அறுந்துவிடும். கணினிக்கு இது தெரியாது. எனவே, காலை எடுத்த பிறகும் என்ஜின் சுழற்சி இறங்காமல் தொங்கும். அல்லது சந்திப்பில் நிற்கும்போது அணைந்துபோகும். தானியங்கி கியர் மாறும் நொடியில் தீப்பொறியைத் தாமதப்படுத்தி விசையைக் குறைக்கும் ஏற்பாடும் பல கார்களில் உண்டு. இனி அதற்கு வேலையில்லை. காணாமற்போன மின்காந்த வால்வுகளைக் கணினி தேடிக்கொண்டே இருக்கும்; கிடைக்காதபோது பழுது என்று பதிவு செய்து எச்சரிக்கை விளக்கை ஏற்றும்.

விளக்கு எரிந்தால் எரியட்டும் என்று விடலாமா? கூடாது. நாளை புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கி மாற்றி உண்மையிலேயே பழுதானால், அதைச் சொல்வதற்கு அந்த ஒரு விளக்குதான் இருக்கிறது. ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் விளக்கால் புதிதாக எதையும் சொல்ல முடியாது.

ஆக, கணினிக்குள் இருக்கும் நிரலைத் திருத்தியே ஆக வேண்டும். கைக் கியர் மஸ்டாங்கின் நிரலை அடிப்படையாகக் கொள்ளலாம். அல்லது இருக்கும் நிரலிலேயே கியர் தொடர்பான கட்டளைகளை மட்டும் அணைத்துவிட்டு, காற்று அளவையும் சுழற்சி இறங்கும் வேகத்தையும் திருத்தலாம். மடிக்கணினியும் அதற்கான மென்பொருளும் போதும். பொறுப்பான தொழில்நுட்பர் கியர் தொடர்பான பழுதுக் குறிகளைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். ஆனால், மாசுக் கட்டுப்பாட்டுக் கண்காணிப்பை அணைக்கும் கட்டளையும் அதே மென்பொருளில், பக்கத்துத் திரையில்தான் இருக்கிறது. இந்த நெருக்கம்தான் விவகாரத்தின் வேர்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1998-இல் அமெரிக்கா இயற்றிய எண்மப் பதிப்புரிமைச் சட்டத்தின் 1201-ஆவது பிரிவு, பதிப்புரிமை உள்ள படைப்புக்குப் போடப்பட்ட எண்மப் பூட்டை உடைப்பதைத் தடை செய்கிறது. திரைப்படங்களையும் இசையையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்ட பிரிவு அது. ஆனால், என்ஜினை இயக்கும் நிரலும் பதிப்புரிமை பெற்ற படைப்புதானே! தன் காரின் கியரை மாற்றியவர், தன் காரின் பூட்டைத் திறந்ததற்காகவே குற்றவாளியாகும் நிலை உருவாயிற்று. 2015-இல் விதிவிலக்கு கேட்டபோது கார் நிறுவனங்கள் எதிர்த்தன. டிராக்டர் உற்பத்தியாளரான ஜான் டீர், வாங்கியவருக்கு நிரலில் கிடைப்பது வாகனம் உள்ளவரை அதை இயக்கிக்கொள்ளும் உரிமம் மட்டுமே என்று வாதிட்டது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் மாசு பெருகும் என்று கவலை தெரிவித்தது. இருந்தும், பழுதறிதல், பழுதுபார்த்தல், சட்டத்துக்கு உட்பட்ட மாற்றம் ஆகியவற்றுக்கு அந்த ஆண்டு அக்டோபரில் விதிவிலக்கு வழங்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும்.

பொருளாதாரத்தில் இது பழைய கேள்வியின் புதிய வடிவம். இயந்திரத்தை விற்பதில் கடும் போட்டி இருக்கலாம். வாங்கிய பிறகு பழுதுபார்ப்புக்கு வாங்கியவருக்கு வேறு போக்கிடம் இல்லாமல் போகலாம். கோடாக் நிறுவனத்தின் நகல் இயந்திரங்கள் தொடர்பான வழக்கில், 1992-இலேயே அமெரிக்க உச்சநீதிமன்றம் இந்த வாதம் விசாரணைக்கு உரியது என்று ஏற்றது. நம் நாட்டின் போட்டி ஆணையமும் 2014-இல் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகப் பிறப்பித்த ஆணையில், உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பணிமனைகளுக்குக் கிடைக்காமல் செய்யப்படுவதைக் கண்டித்து அபராதம் விதித்தது. பூட்டு எந்தக் காரணத்துக்காகப் போடப்பட்டாலும், சாவி வைத்திருப்பவருக்கு வருவாய் உண்டு என்பதை மறக்கலாகாது.

நிறுவனங்களின் வாதத்தில் உண்மையே இல்லையா? இருக்கிறது. டீசல் பிக்-அப் வண்டிகளில் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றிவிட்டு, அது கணினிக்குத் தெரியாதபடி நிரலைத் திருத்தித் தரும் தொழில் அமெரிக்காவில் செழித்தது. பத்தாண்டுகளில் சுமார் ஐந்தரை லட்சம் வண்டிகள் அவ்வாறு திருத்தப்பட்டன என்று சுற்றுச்சூழல் முகமை 2020-இல் மதிப்பிட்டது. அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் அந்த வண்டியில் பங்கில்லாதவர்கள். 'என் வண்டி, என் உரிமை' என்ற வாதம் புகைப்போக்கியின் முனையில் முடிந்துவிடுகிறது.

ஆனால், மறுபக்கமும் 2015-லேயே வெளிவந்தது. விதிவிலக்கு வழங்கப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு, செப்டம்பரில், ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் சோதனைக் கூடத்தில் மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும் நிரலைத் தன் டீசல் கார்களில் எழுதி வைத்திருந்தது அம்பலமானது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். அதைச் செய்தவர்கள் பூட்டை உடைத்த வெளியார் அல்லர், பூட்டைப் போட்டவர்களே. அதற்குத் தடயம் கொடுத்ததும் நிரலைப் படித்தவர்கள் அல்லர். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளவுக் கருவியைக் காரில் ஏற்றி, சாலையில் ஓட்டி, வெளிவந்த புகையை அளந்தார்கள்.

இந்த நிகழ்வுகளை வைத்து என் கருத்தைச் சொல்கிறேன். யார் பூட்டைத் திறந்தார் என்பதை அல்ல, குழாயிலிருந்து என்ன வெளிவருகிறது என்பதையே சட்டம் கேட்க வேண்டும். கியர் மாற்றிய கிரவுன் விக்டோரியாவின் புகை அளவுக்குள் இருந்தால், அதன் நிரலை யார் திருத்தினார் என்பது அரசின் கவலையாக இருக்கத் தேவையில்லை.

நடைமுறை வேறு திசையில் செல்கிறது. மாசுக் கட்டுப்பாட்டில் முன்னோடியான கலிஃபோர்னியாவில், 1999 வரையிலான பெட்ரோல் கார்களுக்குக் குழாயில் கருவியைச் செருகிப் புகையை அளக்கிறார்கள். 2000-க்குப் பிந்தையவற்றுக்கு அளப்பதில்லை; காரின் கணினியிடமே கேட்டுக்கொள்கிறார்கள். செலவும் நேரமும் குறைவு என்பது உண்மைதான். ஆனால், சாட்சியைத் திருத்த முடியும் என்பதால், 2021 ஜூலை முதல் சாட்சியையும் சோதிக்க வேண்டியதாயிற்று. உற்பத்தியாளரின் நிரலோ, மாநிலத்தின் ஒப்புதல் பெற்ற நிரலோ அல்லாத வேறொன்று காரில் இருந்தால் தேர்ச்சி கிடையாது. ஒப்புதல் பெறச் சோதனைகள் செய்ய வேண்டும். அதற்கு ஆகும் செலவு, ஆயிரம் கார்களுக்கு விற்கும் நிரலானாலும் ஒரே காருக்கு எழுதிய நிரலானாலும் ஏறத்தாழ ஒன்றே. பெரிய விற்பனையாளரால் அதைத் தாங்க முடியும். ஏலத்தில் எடுத்த ஒற்றைக் காருக்கு நிரல் திருத்துபவரால் முடியாது. அவருடைய காரின் குழாயில் பத்து நிமிடம் ஒரு கருவியைச் செருகினால் விடை தெரிந்துவிடும். அந்தக் கருவி, பழைய கார்களுக்காக அதே சோதனை நிலையத்தின் மூலையில் இன்றும் இருக்கிறது.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).