தோளில் ஒரு வட்டத் தழும்பு

மாணவர்களே, சட்டைக் கையைச் சற்று உயர்த்தி, உங்கள் இடது தோளுக்குக் கீழே பாருங்கள். பயறு அளவில், சற்றே பள்ளமாக, வட்டமான ஒரு தழும்பு தெரிகிறதா? உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். சிலருக்குத் தெரியாது. அது காசநோய்க்கு எதிராகப் போடப்படும் பி.சி.ஜி. ஊசியின் அடையாளம். அந்த ஊசி போட்ட நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? இருக்க முடியாது. பிறந்தவுடன் போட்டதை யாரால் நினைவில் வைத்திருக்க முடியும்? அந்த நினைவு உங்களுடையது அன்று, உங்கள் அம்மாவுடையது.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவர் ஆய்வகத்திற்கு வரும்போதெல்லாம் இருமிக்கொண்டே இருந்தார். ஒரு மாதம் கடந்தும் இருமல் நிற்கவில்லை, உடலும் மெலிந்தது. மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். "டி.பி.யாக இருக்காது சார். எனக்குச் சிறு வயதிலேயே ஊசி போட்டாயிற்று. இதோ தழும்பு" என்று கையைக் காட்டினார். வற்புறுத்தி அனுப்பினேன். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. செய்தி பரவியதும், அவருக்குப் பக்கத்தில் நின்று சோதனை செய்து வந்த மாணவி என்னிடம் ஓடி வந்தார். "எனக்குத் தழும்பே இல்லை சார். ஊசி போடாமல் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. எனக்கும் வந்துவிடுமா?" என்று அழுதார்.

ஒருவருடைய துணிவும் மற்றொருவருடைய அச்சமும் ஒரே தழும்பை நம்பியே எழுந்தன. இரண்டுமே தவறு. ஏன் என்பதைக் காண்போம்.

இரு சகோதரர்களின் கதை

முதலில் என் வீட்டுக் கதை ஒன்று. என் அப்பாவும் பெரியப்பாவும் 1950களின் பிற்பகுதியில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஊசி போடுகிறவர்கள் ஜீப்பில் வந்து இறங்கிய நாளை இருவரும் மறக்கவில்லை. பின்வாசல் வழியாக ஓடிய பையன்களையும், அவர்களைப் பிடித்து வந்த டிரில் மாஸ்டரையும் பற்றிச் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். முதல் நாள் எல்லோருக்கும் முன்கையில் ஓர் ஊசி. மூன்று நாள் கழித்து அதே குழு மறுபடியும் வந்து, ஒவ்வொருவர் கையிலும் அளவுகோலை வைத்துப் பார்த்தது. அப்பாவுக்குத் தோளருகே இரண்டாவது ஊசி கிடைத்தது. பெரியப்பாவை, "நீ போகலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். "நான் ஊசிக்குத் தப்பியவன்" என்று அவர் கடைசி வரையில் பெருமை பேசினார்.

உண்மையில் அவர் தப்பவில்லை. அன்றைய முறை அப்படி. முதல் ஊசி தடுப்பூசியே அன்று. அது டியூபர்குலின் சோதனை. காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த புரதத்தை மிகச் சிறிய அளவில் தோலுக்குள் செலுத்துவார்கள். அக்கிருமி முன்பே உடலுக்குள் புகுந்திருந்தால், உடலின் காவல் அணுக்கள் அதை அடையாளம் கண்டு அந்த இடத்தில் கூடும். இரண்டு மூன்று நாட்களில் அவ்விடம் தடித்துக் கெட்டியாகும். அந்தத் தடிப்பின் குறுக்களவைத்தான் மில்லி மீட்டரில் அளந்தார்கள். தடிப்பு இல்லாதவருக்கு மட்டுமே பி.சி.ஜி. போடப்பட்டது. தடித்தவருக்கு அது தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள்.

ஆகவே பெரியப்பாவின் உடலில் கிருமி முன்பே குடியேறியிருந்தது என்பதே பொருள். வீட்டில் நெடுநாள் இருமிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இருந்தாராம். ஆனாலும் பெரியப்பா எண்பது வயது வரை நன்றாகவே வாழ்ந்தார். கிருமி புகுந்தவர்கள் நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோய் வெளிப்படும். மற்றவர்களில் உடல் அதை அடக்கி வைத்துவிடுகிறது.

பாருங்கள், நினைவு பொய் சொல்லவில்லை. இரண்டாவது ஊசி கிடைக்கவில்லை என்பது உண்மை. அதற்குக் கொடுத்த விளக்கம்தான் தவறு. அறிவியலில் கண்டதையும் விளக்கத்தையும் தனித்தனியே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

பதின்மூன்று ஆண்டுப் பொறுமை

காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882இல் கண்டறிந்தார். அதற்கொரு தடுப்பு மருந்து காண பிரான்சு நாட்டின் லில் நகரில் கால்மெட், கெரான் என்னும் இருவர் 1908இல் ஆராய்ச்சி தொடங்கினர். மாடுகளைத் தாக்கும் காசநோய்க் கிருமியை, பித்தநீரும் கிளிசரினும் சேர்த்த உருளைக்கிழங்குத் துண்டின்மேல் வளர்த்தனர். சுமார் மூன்று வாரத்துக்கு ஒரு முறை அதிலிருந்து சிறிது எடுத்துப் புதிய துண்டுக்கு மாற்றினர். முதல் உலகப்போரின்போதும் பணி நிற்கவில்லை. 1921 வரை இப்படி ஏறத்தாழ 230 முறை மாற்றினர். பதின்மூன்று ஆண்டுகளில் எத்தனை மூன்று வாரங்கள் உள்ளன என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். விடை பொருந்துவதைக் காண்பீர்கள்.

முடிவில் அக்கிருமி உயிரோடு இருந்தது; ஆனால் நோய் உண்டாக்கும் திறனை இழந்துவிட்டது. அதுவே கால்மெட்-கெரான் பாசில்லஸ், சுருக்கமாக பி.சி.ஜி. 1921இல் பாரிசில், தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்த ஒரு பச்சிளம் குழந்தைக்கு இது முதன்முதலாக வாய்வழியே கொடுக்கப்பட்டது.

பாதையில் ஒரு பெருந்துயரமும் நேர்ந்தது. 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் இம்மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளில் எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நோய் உண்டாக்கும் உண்மையான கிருமி அங்குள்ள ஆய்வகத்தில் மருந்துடன் கலந்துவிட்டதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. உயிருள்ள கிருமியைக் கையாளும்போது தூய்மையும் கட்டுப்பாடும் எவ்வளவு தேவை என்பதை உலகம் அன்று கற்றது.

நம் நாட்டில் 1948இல் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. மருந்து தயாரிக்கும் ஆய்வகம் ஏற்பட்டது. அதே ஆண்டில் மதனப்பள்ளியில் ஊசி போடும் பணி தொடங்கியது. 1951இல் அது நாடு தழுவிய இயக்கமாயிற்று. எதிர்ப்பும் இருந்தது. உயிருள்ள கிருமியைக் கோடிக்கணக்கான குழந்தைகளுக்குச் செலுத்தலாமா என்று 1955இல் ராஜாஜி வன்மையாகக் கேட்டார். அக்காலத்தில் பல வீடுகளில் குழந்தைகளை ஒளித்து வைத்ததற்கு இத்தகைய அச்சமும் ஒரு காரணம்.

சீசாவுக்குள் இருக்கும் இயற்பியல்

இனி என் பாடத்திற்கு வருகிறேன். பி.சி.ஜி. உயிருள்ள மருந்து. திரவமாக வைத்தால் அதிலுள்ள கிருமிகள் விரைவில் மடிந்துவிடும். தொலைவிலுள்ள சிற்றூருக்கு அதை எப்படிக் கொண்டுபோவது? உறையவைத்து உலர்த்துவதே வழி.

தண்ணீரைச் சூடாக்கினால் ஆவியாகும். ஆனால் கிருமி வெந்துவிடுமே! ஆகவே மருந்தை முதலில் பனிக்கட்டியாக உறையவைக்கிறார்கள். பிறகு பம்பினால் காற்றை வெளியேற்றுகிறார்கள். அழுத்தம் 4.6 மி.மீ. பாதரச அளவுக்கும் கீழே போனால், பனிக்கட்டி உருகித் தண்ணீராகாமலேயே நேரே ஆவியாகிவிடும். கற்பூரம் போல் பதங்கமாகிவிடுகிறது என்று சொல்லலாம். மிஞ்சுவது வெண்ணிறத் தூள். கிருமிகள் அதில் உறங்கிய நிலையில் இருக்கும்.

இத்தூளைப் பழுப்பு நிறக் கண்ணாடிச் சீசாவில் வெற்றிடத்தில் வைத்து மூடுகிறார்கள். பழுப்பு ஏன்? சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பி.சி.ஜி. கிருமிகளைக் கொல்லும், பழுப்புக் கண்ணாடி அவற்றை உட்கவர்ந்து தடுக்கிறது. சீசாவின் கழுத்தை உடைக்கும் முன் செவிலியர் அதைச் சிறு பிளாஸ்டிக் தாளால் சுற்றுவதைக் கவனித்திருக்கிறீர்களா? உள்ளே வெற்றிடம், திடீரென்று உடைத்தால் வெளிக்காற்று வேகமாகப் புகுந்து தூளைச் சிதறடித்துவிடும். உப்பு நீரில் கரைத்தபின் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மிஞ்சியதை எறிந்துவிட வேண்டும்.

ஒரு சொட்டு, ஒரு தழும்பு

பிறந்த குழந்தைக்குரிய அளவு 0.05 மி.லி. இருபது சொட்டு ஒரு மி.லி. என்று கொண்டால், இது ஒரே ஒரு சொட்டு! ஒரு மாதம் கடந்த குழந்தைக்கு 0.1 மி.லி., அதாவது 100 கன மில்லி மீட்டர். இதை 8 மி.மீ. குறுக்களவுள்ள வட்டத்தில் பரப்பினால் கனம் 2 மி.மீ. வரும். தோலின் தடிமனே ஒன்றிரண்டு மி.மீ. தான். ஆகவே ஊசி தசைக்குப் போகாமல், தோலின் ஏடுகளுக்கு நடுவிலேயே மருந்தைத் தேக்க வேண்டும். சரியாகப் போட்டால் தோல் விறைத்து, ஆரஞ்சுப் பழத்தோல் போலக் குழிகளுடன் புடைக்கும். இது கைத்திறன் வேண்டும் வேலை.

புடைப்பு சிறிது நேரத்தில் அடங்கிவிடும். இரண்டு மூன்று வாரங்கள் கழித்துத்தான் அவ்விடத்தில் சிறு கட்டி எழும். ஏன் இந்தத் தாமதம்? இக்கிருமிகள் மிக மெதுவாகப் பெருகுபவை. ஒன்று இரண்டாக ஒரு நாள் அளவு ஆகும். உடலின் காவல் அணுக்கள் அவற்றைச் சூழ்ந்துகொள்கின்றன. கட்டி உடைந்து புண்ணாகி, இரண்டு மூன்று மாதத்தில் தானே ஆறித் தழும்பாகும். "ஊசி போட்ட இடம் ஆறியது, பிறகு திடீரென்று சீழ் பிடித்துவிட்டது" என்று பாட்டிமார் குறை சொல்வதுண்டு. அவர்கள் கண்டது உண்மை. ஆனால் அது கெடுதல் அன்று. ஊசி வேலை செய்ததன் இயல்பான அடையாளம்.

ஊசி போட்டும் சிலருக்குத் தழும்பு ஏற்படுவதில்லை. சிலருக்கு வளர வளர மங்கிவிடுகிறது. அதனால் பாதுகாப்பு இல்லை என்று கருதி மறுபடியும் போட வேண்டியதில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. தாத்தா பாட்டி கையில் பெரிய தழும்புகள் இரண்டோ நான்கோ இருந்தால், அவை பெரும்பாலும் அம்மை குத்திய வடுக்கள். பெரியம்மை 1975இல் இந்தியாவில் ஒழிந்தது. 1980இல் உலகெங்கும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் பிறந்த உங்கள் பெற்றோருக்கு அவ்வடு இராது.

செங்கற்பட்டு சொன்ன பாடம்

இனி முதல் மாணவரின் துணிவுக்கு வருவோம். 1950இல் பிரிட்டனில் பதின்வயதினரிடையே தொடங்கிய ஆய்வில் பி.சி.ஜி. சிறந்த பாதுகாப்பு அளித்தது. நம் நாட்டிலும் அப்படியா என்று அறிய, 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் ஒரு மாபெரும் ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்கு பி.சி.ஜி.யும், மற்றொரு பகுதியினருக்கு மருந்தில்லாத திரவமும் போடப்பட்டன. யாருக்கு எது என்பது போட்டுக்கொண்டவருக்குத் தெரியாது. "ஊசி போட்டுக்கொண்டேன்" என்னும் நினைவு எல்லோருக்கும் உண்டு. மருந்து எல்லோருக்கும் இல்லை. நினைவை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஏழரை ஆண்டுகள் கண்காணித்தபின் வந்த முடிவு உலகையே வியக்க வைத்தது. வளர்ந்தவர்களிடம் காணப்படும் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. அங்கே தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டு முடிவும் அதையே உறுதிப்படுத்தியது. வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும் உள்ள உறவுக் கிருமிகள் இதற்குக் காரணமாகலாம் என்று அறிஞர் கருதுகின்றனர்.

அப்படியானால் ஏன் இன்னும் போடுகிறார்கள்? சிறு குழந்தைகளின் மூளைச் சவ்வைத் தாக்கும் காசநோயையும், உடலெங்கும் பரவும் காசநோயையும் அது பெரிதும் தடுக்கிறது. அவை உயிரைப் பறிப்பவை. அதனால்தான் பிறந்தவுடன் போடுகிறார்கள். குழந்தைக்குக் குடை பிடித்தது போதாதா? அதே குடை இருபது வயதிலும் மழையைத் தடுக்கும் என்று எண்ணியதுதான் பிழை.

நீங்கள் செய்ய வேண்டியது

அந்த மாணவர் ஆறு மாதம் தவறாமல் மாத்திரை உட்கொண்டு நலம் பெற்றார். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அழுத மாணவியையும் பரிசோதித்தார்கள்; நோய் இல்லை. தழும்பு இல்லாததால் வந்த குறை எதுவும் அவருக்கு இல்லை.

இன்று மாலை வீட்டில் ஒரு சிறு ஆய்வு செய்யுங்கள். ஒரு தாளில் மூன்று பத்திகள் வரையுங்கள். முதல் பத்தியில் ஒவ்வொருவரும் ஊசி பற்றிச் சொல்லும் நினைவு. இரண்டாவதில் கையில் காணும் தழும்பு. மூன்றாவதில் தடுப்பூசி அட்டையில் எழுதியிருப்பது. மூன்றும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே மாறுபடுகின்றன என்று பாருங்கள். வீட்டில் ஒரு வயது நிறையாத குழந்தை இருந்து, அட்டையில் பி.சி.ஜி. கட்டம் வெறுமையாக இருந்தால், அம்மாவிடம் சொல்லி உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகச் செய்யுங்கள்.

மற்றவர்களுக்கு ஒன்றே ஒன்று. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தோளைப் பார்க்காதீர்கள். சளியைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.