பொட்டப் புள்ளைக்கு ஓட்டம் எதுக்கு?



"வயசுக்கு வந்த புள்ள கால்சட்டையப் போட்டுக்கிட்டுத் திடல்ல ஓடினா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" லயத்து வாசல்களில் இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. லயத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன குடும்பங்களிலும், தட்டுமுட்டுச் சாமான்களோடு இந்தப் பேச்சும் கூடவே வந்துவிட்டது. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியில் முதலாவதாக ஓடி வந்த பெண், இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மாலையில் தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு கிடக்கிறாள். அவளிடம் தோற்ற பையனோ பந்து விளையாடத் திடலுக்குப் போகிறான்.

இதற்குப் பதிலாக ஒரு பெண்ணின் வரலாற்றை இன்று சொல்கிறேன். அவர் நம் இனமும் அல்ல, நம் நாடும் அல்ல. ஆனால் அவர் பிறந்த வீட்டின் வறுமை நமக்கு நன்றாகத் தெரிந்த வறுமைதான்.

அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் கிழக்கு செயிண்ட் லூயிஸ் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் இறைச்சித் தொழிற்சாலைகளும் இரயில் வேலையும் சோறு போட்ட தொழிலாளர் ஊர் அது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதும் ஊரே நொடித்துப் போனது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் நம் மக்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள், அந்த ஊர் நிலைமை விளங்கிவிடும். அங்கே 1962 மார்ச் 3-ஆம் நாள் ஒரு கறுப்பினத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர்தான் ஜாக்கி ஜாய்னர். அப்பா கட்டுமான வேலையும் இரயில் வேலையும் பார்த்தவர். அம்மா மேரி மருத்துவமனையில் தாதியருக்கு உதவியாளர். பிள்ளை பெற்றபோது இருவருமே பதின்ம வயதினர். எதிர்ச்சாரியில் சாராயக் கடை. சுற்றிலும் சண்டையும் சச்சரவும்.

அந்தச் சூழலில் இந்தப் பெண்ணுக்குக் கிடைத்த பாக்கியம் ஒன்றே ஒன்று. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சமூக நிலையம் இருந்தது. ஒன்பது வயதில் அங்கே ஓடப் போனாள். முதல் பந்தயத்தில் கடைசியாக வந்தாள்! ஆனாலும் மறுநாளும் போனாள். நீளம் தாண்டுதலில் ஆசை வந்ததும், அக்கா தங்கைகள் சேர்ந்து உருளைக்கிழங்கு வறுவல் வந்த காலிப் பைகளில் மணலை அள்ளிவந்து வீட்டு முன்னால் கொட்டினார்கள். திண்ணையிலிருந்து அந்த மணலில் குதித்துப் பழகினாள். பணம் செலவழித்துக் கற்றதல்ல, பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா மேரி கண்டிப்பானவர். படிப்பில் குறை வைக்கக் கூடாது, பதினெட்டு வயதுவரை பையன்களோடு சுற்றக் கூடாது என்று கட்டளை. ஆனால் "திடலுக்குப் போகாதே" என்று மட்டும் அந்தத் தாய் சொல்லவில்லை. தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். கண்டிப்பு வேறு, கட்டிப்போடுவது வேறு.

லிங்கன் உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்த ஜாக்கி ஒரு விளையாட்டோடு நிற்கவில்லை. கூடைப்பந்து, கைப்பந்து, திடல்தடப் போட்டிகள் என மூன்றிலும் பள்ளியின் முன்னணி வீராங்கனை. பதினான்கு வயதில் இளையோர் தேசிய ஐந்து அம்சப் போட்டியில் வென்றாள். அதிலிருந்து தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அந்தப் பட்டம் அவளுக்கே! நம்மூரில் என்றால், "எல்லாத்துலயும் கால வச்சா ஒண்ணுலயும் தேற மாட்டா" என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் பெண்ணோ படிப்பிலும் முன்வரிசையில் தேறி, 1980-இல் கலிஃபோர்னியாவில் உள்ள யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு உபகாரச் சம்பளத்தோடு போனார். எதற்குக் கிடைத்த உபகாரச் சம்பளம்? ஓட்டத்துக்கல்ல, கூடைப்பந்துக்கு!

முதல் ஆண்டிலேயே இடி விழுந்தது. 1981 ஜனவரியில் மூளைக்காய்ச்சல் கண்டு தாய் மேரி காலமானார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு ஜாக்கிக்கு ஆஸ்துமா என்கிற இழுப்பு நோய் இருப்பதும் தெரியவந்தது. இரண்டையும் தாங்கிக்கொண்டு அந்தப் பெண் களத்தில் நின்றார்.

அவரது திறமையைக் கண்ட பயிற்றுநர் பாப் கெர்சி, ஏழு அம்சப் போட்டிக்கு அவரைத் திருப்பினார். பின்னர் 1986-இல் அவரையே மணந்தார். ஏழு அம்சம் என்பது இரண்டு நாள் போட்டி. முதல் நாள் 100 மீட்டர் தடை ஓட்டம், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல், 200 மீட்டர். மறுநாள் நீளம் தாண்டுதல், ஈட்டி எறிதல், 800 மீட்டர். ஒன்றில் மட்டும் கெட்டிக்காரியாக இருந்தால் இதில் பயனில்லை. பள்ளியில் பல விளையாட்டுகளில் ஊறிய உடம்பு அங்கேதான் கைகொடுத்தது.

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். தொடைத் தசையில் காயம். கடைசி 800 மீட்டரில் அண்ணன் ஆல் ஜாய்னர் திடலுக்குள் கூடவே ஓடி, "ஓடு, ஓடு" என்று ஊக்கம் கொடுத்தார். அன்றுதான் அவருக்கும் மும்முறைத் தாண்டுதலில் தங்கம் கிடைத்திருந்தது. அப்படியும் தங்கை வெறும் 5 புள்ளிகளில் தங்கத்தை இழந்தார். வெற்றி பெற்றவருக்கு 6,390, இவருக்கு 6,385. வெள்ளியோடு வீடு திரும்பியவர் சோர்ந்துவிடவில்லை. 1986-இல் மாஸ்கோவில் 7,148 புள்ளிகள் எடுத்து, ஏழாயிரத்தைத் தாண்டிய முதல் பெண் ஆனார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 7,291. அந்த உலகச் சாதனையை முறியடிக்க இன்றுவரை ஒருவர் பிறக்கவில்லை! அதே ஒலிம்பிக்கில் நீளம் தாண்டுதலிலும் 7.40 மீட்டர் தாண்டித் தங்கம். 1992 பார்சலோனாவில் மீண்டும் ஏழு அம்சத் தங்கம். 1996-இல் காயத்தோடு தாண்டிப் பெற்ற வெண்கலத்தையும் சேர்த்து, நான்கு ஒலிம்பிக்கில் ஆறு பதக்கங்கள்.

சரி, இது ஒருத்தியின் மனவுறுதியால் மட்டும் நடந்ததா? இல்லை தோழர்களே. 1972-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. மத்திய அரசின் பணத்தை வாங்கும் கல்விக்கூடம் எதுவும் பெண் என்பதற்காக ஒருவரை ஒதுக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். விளையாட்டும் அதற்குள் அடக்கம். அதற்கு முன் அந்தப் பெரிய நாட்டிலேயே உயர்நிலைப்பள்ளி விளையாட்டுக் குழுக்களில் இருந்த பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. சில ஆண்டுகளுக்குள் அது பல மடங்காகப் பெருகியது. பெண்களின் கால்கள் புதிதாக முளைத்துவிடவில்லை. கதவு திறந்தது, அவ்வளவுதான். சட்டம் வந்தபோது ஜாக்கிக்கு வயது பத்து.

அவரும் வந்த வழியை மறக்கவில்லை. சிறு வயதில் தமக்கு வாழ்வு கொடுத்த நிலையம் மூடப்பட்டுவிட்டதைப் பார்த்து, 2000-இல் அதே ஊரில் பிள்ளைகளுக்காகப் புதிய நிலையம் ஒன்றை எழுப்பித் திறந்தார்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டுல நடக்கும்" என்று சொல்லிவிடாதீர்கள். நம் பேராக் மாநிலத்துத் தாப்பாவில் பிறந்த எம். ராஜமணி, 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காக ஓடினார். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வென்றார். நம் பெண்ணின் காலும் ஓடும் கால்தான்.

ஆகவே பெற்றோர்களே, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். மகளுக்கு வாரத்தில் இரண்டு மாலையாவது விடுதலை கொடுங்கள். அந்த நேரத்தில் தம்பியை அப்பா பார்த்துக்கொள்ளட்டும். கைப்பந்து, ஓட்டம், வலைப்பந்து என்று எதில் ஆசையோ அதில் இறங்கட்டும், இரண்டு மூன்றில் இறங்கினாலும் தடுக்காதீர்கள். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வாயைத் திறந்து கேளுங்கள்: பெண்களுக்குத் திடலில் தனி நேரம் உண்டா? பயிற்சி முடிந்து பிள்ளை வீடு திரும்பப் பஸ் உண்டா? பஸ் இல்லையென்றால், நான்கு குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கூட்டி வரலாமே! சம்பள உயர்வானாலும் சரி, விளையாட்டுத் திடலானாலும் சரி, கேட்டால்தான் கிடைக்கும். நம் மகள்களுக்காக நாம் கேட்காவிட்டால், வேறு யார் வந்து கேட்கப் போகிறார்கள்?