உபுண்டுவின் பைத்தானில் கை வைக்காதீர்கள்

உபுண்டு 22.04-உடன் வருவது பைத்தான் 3.10. புராஜெக்டுக்கு 3.12 வேண்டும் என்றதும், பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போடத்தான் பலருக்கும் தோன்றும். நீக்கச் சொன்னால், கூடவே நீங்கப்போகும் மென்பொருள்களின் பட்டியல் திரையில் நீளும். டெஸ்க்டாப்பின் பாகங்களும் அதில் இருக்கும். படிக்காமல் 'ஒய்' தட்டினால், அடுத்த முறை கணினி வெறும் டெர்மினலோடு எழலாம். உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பல அந்தப் பைத்தானை நம்பித்தான் ஓடுகின்றன. அது நமக்காக வைத்தது அல்ல.

இரண்டு பதிப்புகளை அருகருகே வைப்பதில் சிக்கலே இல்லை. 'பைத்தான்' என்று தட்டினால் எது ஓடும் என்பது 'பாத்' பட்டியலைப் பொறுத்தது. அதிலுள்ள ஃபோல்டர்களை ஷெல் வரிசையாகத் தேடி, முதலில் கிடைப்பதை ஓட்டும். பைஎன்வ் போன்ற கருவிகள் அந்த வரிசையில் முந்திக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

தலைவலி லைப்ரரிகளில். ஒரு பைத்தானுக்குள் ஒரு லைப்ரரியின் ஒரு பதிப்புக்கே இடம். புதியது வந்தால் பழையது போய்விடும். 2024 ஜூனில் நம்பை லைப்ரரியின் 2.0 பதிப்பு வந்தது. நம்பை 1-ஐ வைத்து கம்பைல் செய்த பல லைப்ரரிகள் அதனோடு ஒத்துப்போகவில்லை. புது புராஜெக்டுக்காக நம்பையை அப்டேட் செய்தால், நேற்றுவரை ஓடிய பழைய புரோகிராம் இம்போர்ட் வரியிலேயே படுத்துவிடும். அதில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது.

இதற்கு மருந்து 2012-இலேயே, பைத்தான் 3.3-உடன் வந்துவிட்டது: வென்வ். புராஜெக்டுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் தனி லைப்ரரிகள். லினக்ஸில் உள்ளே இருக்கும் பைத்தான் பெரும்பாலும் அசலைச் சுட்டும் இணைப்புதான். எடை முழுக்க லைப்ரரிகளுடையது. 2023-இல் வந்த டெபியன் 12, வென்வ் இல்லாமல் பிப் கருவி வழியாக லைப்ரரிகளை நிறுவ முயன்றால் மறுத்துவிடுகிறது. அந்தத் தடையை மீறவும் ஒரு ஆப்ஷன் உண்டு. இணையத்தில் பலர் அதைத்தான் முதலில் சொல்லித் தருகிறார்கள். கேட்காமல் இருப்பது நல்லது.

பைத்தானுக்கு வெளியே உள்ள சி, சி++ லைப்ரரிகளும் சேர்ந்து வேண்டுமென்றால் கோண்டா கைகொடுக்கும். 2024-இல் வந்த யூவி, பைத்தானை இறக்குவதையும் வென்வ் அமைப்பதையும் தானே பார்த்துக்கொள்கிறது, வேகமும் அதிகம். இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு அதையே சொல்வேன்.

எதைப் பயன்படுத்தினாலும், வென்வ் ஃபோல்டரை அப்படியே வேறு இடத்துக்கு நகர்த்தாதீர்கள். உள்ளே பழைய இடத்தின் முழு முகவரி எழுதப்பட்டிருப்பதால் சில கட்டளைகள் ஓடாது. 'பிப் ஃப்ரீஸ்' கட்டளை லைப்ரரிகளின் பட்டியலைப் பதிப்பு எண்ணோடு தரும். அதை ஒரு கோப்பில் சேமித்து எடுத்துப்போய், புது இடத்தில் புது வென்வ் போட்டுக்கொள்ளுங்கள்.